வேலிப் பொட்டு

விளையாடுகிற பிள்ளைகளுக்கு முதுகு காட்டக் கூடாது. இதை நான் கொப்பியில் குண்டெழுத்தில் எழுதி வைத்திருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில், அச்சுவேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வாசிகசாலையோடு ஒட்டிய பாலர் பாடசாலையில் எனக்கு வேலை கிடைத்தபோது இரண்டு கிழமைப் பயிற்சி தந்தார்கள். அங்கே எழுதியது. எழுதியதோடு சரி.

இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரே ரீச்சர். பத்து மணிக்கு வெளியே விடுவேன். முற்றத்து மூலையில் கிணறு. கட்டு இருந்தாலும் எனக்குப் பயம். கதிரையைக் கிணற்றடியில் போட்டு உட்கார்ந்து, கிட்ட வருகிறவர்களுக்குக் கண்ணை உருட்டுவேன். தெருவால் போகும் தாய்மார், "ரீச்சர் கிணத்தடியை விட்டு அசையமாட்டா" என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஆனால் நான் அசைவேன். பக்கத்து வீட்டு வளவுக்கும் எங்களுக்கும் இடையில் கிளுவை வேலி. அதில் ஆள் குனிந்து நுழையும் ஓட்டை ஒன்று, பொட்டு என்போம். எங்களூர்ப் பெண்கள் தெருவுக்கு இறங்காமல் வீடு வீடாகப் போவது பொட்டால்தான். விளையாட்டு நேரம் முடியும் தறுவாயில் அந்த வீட்டு அக்கா, "தேத்தண்ணி ஆறுது, வாரும்" என்று கூப்பிடுவா. நான் சேலையைத் தூக்கிச் செருகி, இருபத்திரண்டு பிள்ளைகளும் பார்த்திருக்க அதற்குள்ளால் நுழைந்து போய், இரண்டே நிமிடத்தில் திரும்பிவிடுவேன்.

அன்று நான் போகவில்லை. கிணற்றடியில்தான் இருந்தேன், வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து, ரயில் போலக் கோச்சி ஓடினார்கள். கடைசிப் பெட்டி நாலு வயதுப் பையன். வாசலுக்குப் போய் மணியடித்து எண்ணினேன், இருபத்தொன்று. திரும்பவும் எண்ணினேன். ஓடிப்போய்க் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். பொட்டு என் நினைவுக்கே வரவில்லை.

பக்கத்து வளவில் அக்கா குழறிக் கத்திய சத்தம் கேட்டது. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சீமெந்துத் தொட்டி. என் முழங்காலளவு ஆழம்கூட இல்லை.

செத்தவீட்டில் தாய் என் கையைப் பிடித்தா. "நீங்கள் கிணத்தடியிலை காவல் இருந்தனீங்கள். உங்களிலை பிழையில்லை, ரீச்சர். அந்தப் பொட்டாலை போகலாம் எண்டு அவனுக்கு ஆர் காட்டினது?"

"தெரியாது" என்றேன். பக்கத்தில் நின்ற அக்கா என்னை ஒருக்கால் பார்த்தா. பிறகு நிலத்தைப் பார்த்தா.

பனைமட்டை வைத்துப் பொட்டை அடைத்தார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள். என் கதையில் வேலிமேல் ஒரு பிழையும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அதே தாய் இளைய மகளைக் கூட்டி வந்தா. "உங்களை நம்பித்தான் விடுறன்." அந்தச் சின்னக் கையை வாங்கிக்கொண்டேன். கதிரையில் இருப்பதை விட்டுவிட்டேன். மூன்று தரம் எண்ணினேன், நாலு தரம் எண்ணினேன். எண்ணி என்ன கண்டேன்?

ஒருநாள் அவள் அடைத்த பொட்டுக்கு முன்னால் நின்றாள்.

"அம்மா அந்த வீட்டோடை கதைக்கமாட்டா, ரீச்சர். அந்த அக்காதானாம் அண்ணைக்கு உந்தப் பொட்டைக் காட்டிவிட்டது."

வேலிக்கு அப்பால் அக்கா மாட்டுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவளை உள்ளே கூட்டிப் போய்த் தலைகளை எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது.