ஏரி வெட்டியவரின் முகம்

பம்பாய்க்கு வேலை தேடிப் போன என் வீட்டுக்காரரிடமிருந்து எட்டு மாதமாகக் கடிதம் இல்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "போட்டோ எடுத்தாந்தியாம்மா? மூஞ்சி தெரியாம எங்க போய்த் தேடுறது?"

இருந்த ஒரே கல்யாணப் படமும் புயல் மழையில் நனைந்து வெளுத்துவிட்டது. "வரஞ்ச படம் ஆகுமா சார்?" என்றேன். "எதுனா ஒண்ணு கொண்டாம்மா."

ஊசுட்டேரிக்குப் போகும் சாலையில் ஒரு நீளமான மதில் இருந்தது. ஊர் உருவான கதையை அதில் வரைந்திருந்தார்கள். முதலில் ஏரி வெட்டுகிறார்கள், பிறகு வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, தறிக்காரர்கள் குடியேறுகிறார்கள், கடைசியில் கப்பல். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடிக் கிடந்த நாட்களில் இவர் அங்கே போய் வாய் பிளந்து நிற்பார். வரைந்தவர் ஏரி வெட்டும் முதல் ஆளாக இவரையே போட்டுவிட்டார். கோவணமும் மண்வெட்டியும், இடது புருவத்துத் தழும்பு உட்பட. எனக்கு மானம் போனது. "பொண்டாட்டி புள்ளைக்கு உழைக்கல, ஏரி வெட்டக் கெளம்பிட்டீங்களா?" என்று கத்தினேன். "இந்த ஊரே எங்கிட்டேருந்துதான்டி ஆரம்பிக்குது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஸ்டேஷனுக்குப் போன மறுநாள் காலையே போட்டோ ஸ்டூடியோக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி, கேமராவோடு பஸ்ஸில் அழைத்துப் போனேன். தேர்தல் நேரம். கட்சிக்காரப் பையன்கள் கப்பல் பக்கத்திலிருந்து வெள்ளையடித்துக்கொண்டே வந்திருந்தார்கள். கப்பல் இல்லை, தறி இல்லை, வாய்க்கால் இல்லை. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது சுண்ணாம்பு மட்டை அவர் முகத்தின் மேல்தான் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கடா!"

"செவுரு எங்க கட்சிக்கு புக் ஆயிடுச்சுக்கா."

"அது என் புருஷன்டா!"

"யாரோ ராசா காலத்து ஆளுக்கா அது" என்றான் ஒருவன். கேலியில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான்.

சுண்ணாம்பு ஈரமாகவே இருந்தது. முந்தானையால் துடைத்தேன். நெற்றி தெரிந்தது, புருவத்துத் தழும்பு தெரிந்தது. இத்தனை மாதம் கழித்து அவரைப் பார்க்கிறேன், அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணும் வாயும் தெரிய வேண்டுமே என்று அழுத்தித் துடைத்தேன். "மெதுவாம்மா, மெதுவா!" என்று ஸ்டூடியோக்காரர் கத்தினார். எனக்குக் காதில் விழவில்லை.

அது பசைத் தண்ணீரில் கரைத்துப் பூசிய பொடிச் சாயம்; மழைக்குத் தாங்கியது, அழுத்தித் தேய்த்ததற்குத் தாங்கவில்லை. சுண்ணாம்போடு சேர்ந்து அதுவும் வந்துவிட்டது. தழும்பும் போய், சுவரில் வெறும் பூச்சுதான் மிஞ்சியது.

ஸ்டூடியோக்காரர் கேமராவை உறையில் போட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பழுப்பும் கறுப்புமாக ஈரமாயிருந்த முந்தானையை இரண்டு கையாலும் விரித்துக் காட்டி, "இதையாவது எடுங்க சார்" என்றேன்.