தோணாவில் எடுத்த மண்

நெடுக்காகப் பிளந்த அந்தக் குழாயை மச்சான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கடலோரக் கழியான கல்முனைத் தோணாவின் ஓரச் சேற்றில் நாங்கள் அடித்து இறக்கி எடுத்த குழாய். உள்ளே கறுத்த சேறு, அதன்மேல் விரலளவு வெள்ளை மணல், பிறகு மறுபடியும் சேறு. அந்த மணல் சுனாமி கொண்டுவந்து போட்டது. என் ராத்தாவை, மச்சானின் மனைவியைக் கொண்டுபோனதும் அதே தண்ணீர்தான். ராத்தாவின் ஜனாஸா கடைசிவரை கிடைக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய மச்சான், பிள்ளையோடு மிஞ்சினார்.

ராத்தாவின் தங்கை நான், நிலவியல் படித்து, ஓர் ஆய்வுக் குழுவோடு சொந்த ஊருக்கே வேலையாக வந்திருந்தேன். பாறைகளிலும் விண்கற்களிலும் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்துதான் பூமியின் வயதை நானூற்றைம்பது கோடி ஆண்டுகள் என்கிறார்கள். சேற்றுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அதில் புதைந்த இலையிலும் வேரிலும் கதிரியக்கக் கரிமம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் போதும். வயது தெரிந்த ஓர் அடுக்கு மேலே இருந்தால் கணக்கைச் சரிபார்க்கவும் வசதி. எங்களுக்கு அந்த அடுக்கு, ராத்தா போன நாள். குழுவில் ஒருவர் அதை 'நல்ல அடையாளம்' என்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

மச்சான் அந்த மணலைத் தொடவில்லை. அதற்கும் வெகு கீழே தெரிந்த இன்னொரு வெள்ளைக் கோட்டைக் காட்டினார்.

"இது என்ன மச்சி? இதுக்கு முந்தியும் கடல் வந்திரிக்கா?"

"வந்திரிக்கும் போல மச்சான். பல நூறு வருசத்துக்கு முந்தி."

"அப்ப இனி நம்மட காலத்தில வராது."

"அப்படிச் சொல்லேலா. ரெண்டு தரம் வந்தத வெச்சி அடுத்தது எப்பயெண்டு ஆராலயும் சொல்லேலா."

"ஓம், ஓம்" என்றார். முகம் தெளிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதென்றால் அவளுக்கு முதலில் வீடு வேண்டும். மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். கையில் இருந்தது ராத்தாவின் சீதனக் காணி, கடற்கரையோரம், பழைய வீடு இருந்த அதே இடம். கொஞ்ச நாளில் அங்கே அத்திவாரம் வெட்டினார்கள். நான் தொலைபேசியில் கத்தினேன், அழுதும் பார்த்தேன். மச்சான் சிரித்து மழுப்பிவிட்டு மாப்பிள்ளை வீட்டார் கதையை எடுத்துவிடுவார். கலியாணம் முடிந்த மறுவருடம் அவர் மவுத்தாகிவிட்டார்.

போன கிழமை அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் தன் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"சாச்சி, வாப்பா எல்லாருக்கிட்டயும் சொல்லுவாரு. நீங்க மண்ணத் தோண்டிப் பாத்து, இனி பல நூறு வருசத்துக்குக் கடல் வராதெண்டு சொன்னீங்களாம்."

இறந்துபோன மனிதரிடம் என்னத்தைச் சண்டை பிடிப்பது? இருந்தாலும் என்னால் விழுங்கிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"நான் ஒருக்காலும் அப்படிச் சொல்லல்ல, மகள்."

அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் சாச்சி. வாப்பாக்கு வேற காணியில்ல."