வாக்கர் நுழையாத வீடு

என் மாமியாருக்கு முட்டி மாற்றும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆம்புலன்ஸ் வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்து வாடகைக் காரில் வீட்டுக்கு வந்து இறங்கினார். அன்றுதான் எங்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. பிடித்துக்கொண்டு நடப்பதற்கு ஆஸ்பத்திரியில் வாங்கச் சொன்ன வாக்கர், எங்கள் வீட்டுக்குள் போகவில்லை. வாசற்படியைத் தாண்டியதோடு சரி. ஹாலில் தையல் மெஷினுக்கும் செய்தித்தாள் கட்டுக்கும் நடுவில் சிக்கி நின்றுவிட்டது. நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, அத்தையைப் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்திக் கட்டிலில் கொண்டுபோய் உட்காரவைத்தோம். திரும்பிப் போய் வாக்கரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்ததும் நான்தான்.

வீடு ஒன்றும் சின்னதில்லை. மாமனார் மில்லில் வேலை பார்த்த காலத்தில் சிங்காநல்லூர் பக்கம் கட்டியது. மூன்று அறை, ஒரு ஹால், ஹாலிலிருந்து முன்கேட் வரை நீளும் ஒரு வராண்டா. இடமெல்லாம் தாராளமாகத்தான் விட்டிருந்தார்கள். ஆனால் எங்கள் வீட்டுக்குள் வந்த எதுவும் வெளியே போனதாகச் சரித்திரம் கிடையாது. எண்ணெய் டின், ஐஸ்கிரீம் டப்பா, காலிப் பாட்டில், துணிக்கடைக் கட்டைப்பை, துடைப்பதற்கென்று திருப்பூரிலிருந்து வந்த பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை, ஓடாத மோட்டார் ஒன்று, அதற்கு உதிரிப்பாகம் ஆகும் என்று இன்னொரு ஓடாத மோட்டார். காம்பவுண்டுச் சுவர் கட்டியபோது மீந்த மதுக்கரை சிமெண்ட் அரை மூட்டை, மழை ஈரத்தில் கல்லாகிப் போய், அப்படியே வராண்டாவில் உட்கார்ந்திருந்தது. சென்னிமலைப் பெட்ஷீட் ஓர் அடுக்கு, கவர்கூடப் பிரிக்காமல், விருந்தாளிகளுக்காகக் காத்திருந்தது. விருந்தாளி வந்தால் படுக்க இடமில்லை என்பது வேறு விஷயம்.

நான் கொஞ்சம் கோபக்காரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தச் சாமான்களோடு எனக்கு மல்லுக்கட்டுதான். கூட்டுவதென்றால் ஒவ்வொன்றையும் தூக்கி, அடியில் கூட்டி, திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். ஒரு டப்பா இடம் மாறினாலும் அத்தைக்குத் தெரிந்துவிடும். சத்தம் போடவும் மாட்டார். "கண்ணு, அந்த நீல மூடி டப்பா எங்க போச்சு?" என்று ஒரே ஒரு கேள்விதான். நான் சீமாற்றைக் கீழே போட்டுவிட்டு அதைத் தேடப் போக வேண்டியதுதான்.

ஆனால் அந்தப் பாட்டில்களைக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. மில்லை மூடியபோது மாமனாருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. அத்தை பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் போட்டு, சேர்த்துவைத்த பாட்டில்களில் அடைத்து, தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றிருக்கிறார். என் கணவர் பாலிடெக்னிக் படித்தது அதில்தான். காலிப் பாட்டில் சோறு போடும் என்று கண்ணால் பார்த்தவரிடம் போய் நான் என்ன வாதாட முடியும்?

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தினமும் நடக்க வேண்டும், வலித்தாலும் நடக்க வேண்டும், இப்போது படுத்துவிட்டால் முட்டி மடங்காமல் இறுகிவிடும், அப்புறம் கட்டிலோடுதான். நான் வேலை பார்க்கும் பள்ளியில் கோடை லீவு முடிவதற்குள் அத்தை தானாகப் பாத்ரூம் வரைக்குமாவது போய்வர வேண்டும். இல்லாவிட்டால் நான் வேலையை விட்டாக வேண்டும். என் பயத்தில் பாதி அவருக்காக, மீதி எனக்காக. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஃபிசியோதெரபி செய்ய ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். தங்கமான பெண். "அம்மா, வாசல் வரைக்கும் போயிட்டு வரலாமுங்களா?" என்று கெஞ்சுவாள்.

"எங்க சாமி நடக்கறது? வழியே இல்லியே" என்பார் அத்தை, வழியை அடைத்தது யாரோ என்பது போல. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஏனுங்க அத்தை, அந்தப் பேப்பர் கட்டையும் டின்னையுமாவது எடைக்குப் போட்டறலாமுங்களா?"

"வேணுங்கறவங்க வந்து கேட்டா, கையில எடுத்துக் குடுக்கலாம் கண்ணு. தூக்கிப் போடப்படாது. எரும மாட்டுக்குத் தண்ணி வெக்கவாவது ஆகும்."

எங்கள் தெருவில் எருமை மாட்டைப் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது.

கணவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் பம்ப் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்பவர். எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிவிட்டால் இடம் தானாக வந்துவிடும் என்பது அவர் சித்தாந்தம். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, ஏதோ கம்பெனியில் கழித்துப்போட்ட இரும்பு ரேக் ஒன்றை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூரையைத் தொடும் உயரம். அதை வைக்க ஹாலில் சுவரோரம் மட்டும்தான் இடம் இருந்தது. வைத்தோம், டப்பாக்களை ஏற்றி அடுக்கினோம். பார்க்கக் கடை மாதிரி ஜோராகத்தான் இருந்தது. அடுக்கி முடித்துவிட்டு வாக்கரைத் தள்ளிப் பார்த்தால், முன்பு சிக்கிய இடம்கூட வரவில்லை, அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது. சாமானை ஒழிக்கக் கிளம்பி இன்னொரு சாமான் வாங்கி வருகிற குடும்பம் எங்களுடையது. நான் சிரித்தேனா அழுதேனா என்று ஞாபகமில்லை. கணவர் மட்டும் இரண்டு நாள் என் கண்ணில் படாமல் நடமாடினார்.

பின் தெருவில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் ஒருநாள் காலையில் கேட்டில் வந்து நின்றாள். "அக்கா, பழைய டின்னு ஏதாச்சும் இருந்தாக் குடுங்கக்கா. கருவேப்பிலச் செடி வெக்கோணும்." நான் மகிழ்ச்சியோடு முதலில் கைக்கு வந்த டின்னை எடுத்துக்கொண்டு ஓடினேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அம்மணி, அது நல்ல டின்னு, அத எடுக்காத. செடிக்கு அடியில ஓட்ட இருக்கோணும். ஓட்ட டின்னு எதுன்னு உனக்குத் தெரியாது. இரு, நானே வாரேன்."

திரும்பிப் பார்த்தால் அத்தை வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து ரேக் வரைக்கும் வந்தார். பேப்பர் கட்டு வழியை மறித்தது. "இத எவ இங்க வெச்சது? அக்கட்டால தள்ளு" என்றார். அதை அங்கே வைத்து, அசைக்கக் கூடாதென்று வருஷக்கணக்காகக் காவல் காத்தவர் அவரேதான். மறுபேச்சில்லாமல் காலால் தள்ளி வெளியே கொண்டுபோனேன். ஓட்டை டின்னைக் கண்டுபிடித்து என்னிடம் கொடுத்து, கேட் வரைக்கும் நடந்து வந்து, என்னிடமிருந்து வாங்கி அந்தப் பெண்ணின் கையில் தானே கொடுத்தார். எந்த மண் போட வேண்டும், எந்தப் பக்கம் வெயில் படக் கூடாது என்று நின்றபடியே பாடம் வேறு. ஃபிசியோ பெண் அத்தனை நாளும் கெஞ்சி நடக்காதது, ஓர் ஓட்டை டின்னுக்கு நடந்துவிட்டது.

எனக்கு அன்றே புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. காய் வாங்கும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, கோயிலில் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன். என்ன பழைய சாமான் வேண்டுமானாலும் எங்கள் வீட்டில் கிடைக்கும், ஆனால் என்னிடம் கேட்கக் கூடாது, கேட்டில் நின்று அத்தையைத்தான் கூப்பிட வேண்டும். ஆட்கள் வந்தார்கள். மொட்டை மாடியில் தோட்டம் போட்டவர் டின்களைக் கொண்டுபோனார். முக்கில் இட்லிக்கடை வைத்திருக்கும் அம்மாள் பொடி போட்டுவைக்கப் பாட்டில் கேட்டு வந்தார். அத்தை அவரிடம் மூடியைத் தொலைத்துவிடக் கூடாது என்று நான்கு தடவை சொல்லி அனுப்பினார். கல்லாகிப்போன சிமெண்ட் மூட்டையை ஒருவரும் சீண்ட மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இஸ்திரி வண்டிக்காரர் வந்து, சரிவில் வண்டி உருளாமல் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஆகும் என்று இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு மோட்டாரும் இன்றைக்கும் அட்டாலியில், பரண் மேலே பத்திரமாக இருக்கின்றன. கல்யாணத்துக்கு வந்த பித்தளைப் போசிப் பாத்திரங்களைப் பற்றி நான் வாயைத் திறந்தேன், உடனே மூடிக்கொண்டேன். நான் சிலவற்றைக் கொடுக்கச் சொன்னால் அத்தைக்கு வேண்டுமென்றே கால் வலி வந்துவிடும். ஆனால் ஹாலில் தரை தெரிய ஆரம்பித்தது. நான் கூட்டும்போது சீமாறு சுவரைப் போய்த் தொட்டது. அந்த இடத்தில் டைல்ஸ் வேறு நிறம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ரேக்குக்கும் ஒரு வேலை கிடைத்தது. அடுக்குகள் காலியாக ஆக, அத்தை அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாக்கர் இல்லாமல் நடந்து பழக ஆரம்பித்தார். "நான் யோசிக்காமலா வாங்கினேன்?" என்று கணவர் நெஞ்சை நிமிர்த்தினார். ஃபிசியோ பெண் கடைசியாக வந்த அன்று அத்தை அவளுக்கு ஒரு சென்னிமலைப் பெட்ஷீட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் போன பிறகு, இன்னொன்றைப் பிரித்துத் தன் கட்டிலில் விரிக்கச் சொன்னார். புதுத்துணி வாசனையோடு அவர் படுத்திருந்ததைப் பார்க்க எனக்கு மனசு நிறைந்து போயிற்று.

பள்ளி திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. காலையில் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தேன். கட்டில் காலியாக இருந்தது. வாக்கர் பக்கத்திலேயே நின்றது. பாத்ரூமில் இல்லை, சமையலறையில் இல்லை. கேட் திறந்து கிடந்தது. எங்காவது விழுந்துவிட்டாரோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன்.

அத்தை வந்துகொண்டிருந்தார். தெரு முக்கிலிருந்து, ஒரு கையால் காம்பவுண்டுச் சுவரைத் தொட்டுத் தொட்டு, கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து, யார் துணையும் இல்லாமல். இன்னொரு கையில் ஒரு காலிப் பெயிண்ட் பக்கெட்.

"ஏனுங்க அத்தை, தனியா இவ்வளவு தூரம்..." என்று கிட்டே ஓடினேன்.

"முக்கு ஊட்டுல பெயிண்ட் அடிச்சுப்போட்டு, இத வீசப் பாத்தாங்க கண்ணு. நான் கேட்டு வாங்கிப்போட்டேன். மூடியப் பாரு, எப்படி இறுக்கமா இருக்குது. தண்ணி புடிச்சு வெக்க ஆகும்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. அதன் நடுவில் சிரிப்பும் வந்தது.

"ஆகுமுங்க அத்தை" என்று பக்கெட்டை வாங்கிக்கொண்டு, அதை வைக்க இடம் தேடி முன்னால் நடந்தேன்.