நால்வர் குழுவில் ஒரு பெண் குரல்

இன்று காலை எங்கள் பகுதியான ரானுயியில் ஒரு பழைய சாமான் கடையில் இசைத்தட்டு ஒன்று வாங்கினேன். எழுபதுகளின் தொடக்கத்து அமெரிக்க புரோகிரெசிவ் ராக் குழு. நான்கு ஆண்கள், ஒரே ஒரு ஆல்பம். பிறகு ஒருசில ரசிகர்களைத் தவிர யாரும் அவர்களைத் தேடவில்லை.

கடைசிப் பாட்டில் ஆர்கன் அடங்கியதும் ஒரு பெண் வார்த்தையில்லாமல் மெல்லப் பாடுகிறாள். அந்த இடத்தை மட்டும் பதிவுசெய்து, என் தொலைபேசி எண்ணோடு இணையத்தில் அவர்களுடைய ரசிகர் பக்கத்தில் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் ஆர்கன் வாசித்தவரே அழைத்தார். இப்போது முதியவர்.

"எங்கள் பாட்டில் பெண் குரலே கிடையாது. முழுதாகப் போடுங்கள்" என்றார்.

போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தேன். முடிந்ததும் அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார்.

"அது என் தங்கை. அவள் இறந்த பிறகு, அவளுக்காகத்தான் அந்தப் பாட்டை எழுதினேன்."

தட்டை அனுப்பிவிடச் சொல்லி முகவரி தந்தார். அழுதார். நானும்தான்.

சற்றுமுன் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

"அதை நிப்பாட்டுங்கோவன். அந்தப் பொம்பிளை இன்னும் பாடிக்கொண்டிருக்கிறா."

நான் தட்டை உறைக்குள் வைத்து அரை மணி நேரமாகிறது.

திங்கட்கிழமைதான் தபாலில் போடலாம். இதைப் படிப்பவர்களில் யாராவது அதுவரை இந்தத் தட்டை வைத்திருப்பீர்களா? நகரின் மறுபக்கம் லின்ஃபீல்டு வரை என்றாலும் நானே கொண்டுவந்து தருகிறேன்.