ஆளுக்கொரு மணி நேரம்

என் அக்கா துணிக்கடைப் பின்னறையில் ஜிப் மாற்றுகிறவள். தையல் இம்மி கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். அவளுக்குப் பிறந்த பிள்ளைக்கு இரண்டு பாதமும் உள்பக்கம் மடங்கியிருந்தன. ஆறு வாரம், ஆறு மாவுக்கட்டு, பாதம் நேரானது. அடுத்து இரண்டு ஷூ, நடுவில் இரும்புப் பட்டை. கால்களை அகட்டிக்கொண்டு பயல் கிடந்த அழகைப் பார்த்து ‘தவளை’ என்று நான்தான் பெயர் வைத்தேன். முதலில் முறைத்த அக்காவும் பிறகு அப்படியே கூப்பிட்டாள்.

“மூணு மாசம் இதுதான். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கழட்டலாம். அதுக்கு மேல போனா கால் பழையபடி திரும்பிக்கும்” என்றார் டாக்டர்.

அக்கா காலையில் கழற்றிக் குளிப்பாட்டி, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடி பூட்டிவிட்டுத்தான் கடைக்குப் போவாள். ஆனாலும் இரண்டாம் மாதமே வலது கால் உள்ளே இழுத்தது. குடும்பமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

“எவ்வளவு நேரம் கழட்டுறீங்க?”

“ஒரு மணி நேரம்தான் டாக்டர்.”

“கால் அப்படிச் சொல்லலையேம்மா.”

அக்காவின் முகம் சுண்டிப்போனது. பொய்க்கு அஞ்சாத எனக்கே தாங்கவில்லை.

“நானும் ஒரு மணி நேரம் கழட்டுவேன்” என்றேன். “ஸ்கூலுக்கு மட்டம் போடுற அன்னிக்கு.”

“அடிப்பாவி, நீயுமா?” என்றார் அக்காவின் மாமியார். “மத்தியானம் நான் ஒரு மணி நேரம் விடுறேனேடி! டாக்டர் சொன்ன கணக்குதானேன்னு...”

அக்கா கணவர் தொண்டையைச் செருமினார். “நான் வேலை முடிஞ்சு வந்து... கொஞ்ச நேரம்தான்.”

“கொஞ்சம்னா?” என்றார் டாக்டர்.

“ஒரு மணி நேரம்.”

டாக்டர் நான்கு விரலை நீட்டிக் காட்டினார். மறுபடி மாவுக்கட்டு.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது எதிர்த்துப் பேசித் தப்பித்திருப்பேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்:

“நீ கழட்டினப்போ என்ன பண்ணுவான்?”

“காலை உதைச்சு உதைச்சுச் சிரிப்பான்க்கா.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “என்கிட்ட அழத்தான் செய்வான்” என்றாள். “நான் திரும்ப மாட்டிடுவேன்னு தெரியும் அவனுக்கு.”