எங்கள் ஹீரோவின் நிறம்

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் நான் வேலை செய்யும் கார்ட்டூன் ஸ்டூடியோவில் இன்று பெரிய சண்டை.

எங்கள் புதிய ஹீரோ, கிள்ளான் நகர லோரி டிரைவரின் மகன். பழைய சூப்பர்ஹீரோ கார்ட்டூன்களைப் பார்த்துத்தான் வரைந்தேன்: அகன்ற மார்பு, பறக்கும் அங்கி, இடுப்பில் கை. நிறம் மட்டும் என்னுடையது.

"ஹீரோ போய் இவ்ளோ கறுப்பா இருப்பானா லா?" என்றார் முதலாளி.

"பழைய ஹீரோங்ககிட்ட பறக்கக் கத்துக்கிட்டோம், பாஸ். தோலையும் கடன் வாங்கணுமா?" என்றேன்.

வண்ணம் பூசும் லதா அக்கா சிரித்தார். "தோல் கலர்னு வர்ற டப்பாவுல ரோஸ்தான் இருக்கு, பாஸ். நம்ம கலர நானே கலந்தேன்."

படத்தை ஓட்டினோம். நீல வானத்தில் எங்கள் நிறத்தில் ஒருவன் பறந்தான். மொத்த ஸ்டூடியோவும் கைதட்டியது.

"சரி, போகட்டும். ஆனா வில்லன் இவன விடக் கறுப்பா இருக்கணும்," என்றார் முதலாளி.

வில்லனையும் நான்தான் வரையப்போகிறேன். முதலாளியின் மூக்கு பொருந்துமா, சொல்லுங்கள்.