பதினேழாம் எண்ணுக்கு ஓர் அஞ்சலட்டை

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். தீபாவளி முடிந்து இரண்டாம் நாள். தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. மொட்டைமாடிக் குழாயிலிருந்து சொட்டியதை நூற்றெட்டு வரை எண்ணிவிட்டுச் செய்தித்தாளை எடுத்தேன். நடுப்பக்கத்தில் எதிரெதிராக இரண்டு கட்டுரைகள். பாலியல் தொழிலுக்கு உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்த வேண்டும் என்று ஒன்று. கூடவே கூடாது என்று மற்றொன்று. முதல் கட்டுரையில் 'பதிவேடு' என்ற சொல் ஒன்பது இடத்தில் வந்தது. எண்ணி முடிக்கும்போது கைபேசி அதிர்ந்தது. சர்க்கரைப் பரிசோதனைக்கு நான் வரத் தவறிவிட்டதாக மருத்துவமனை நினைவூட்டியிருந்தது.

"ஏனுங்கப்பா, மூஞ்சி ஏன் இப்பிடி ஆயிருச்சு?" என்றாள் மகள். ஒன்றுமில்லை என்றேன். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

1995இல் எனக்கு நாற்பத்தேழு வயது. காந்திபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவே ஓர் அறக்கட்டளை நடத்திய சிறு மருந்தகத்தில் பதிவேட்டு எழுத்தராக இருந்தேன். எய்ட்ஸ் என்ற சொல் சுவர்களில் புதிதாக ஏறிக்கொண்டிருந்த காலம். செவ்வாய்க்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து வரை பால்வினை நோய்ப் பிரிவு. ஸ்பிரிட் நனைத்த பஞ்சின் வாசமும், பெஞ்சில் காத்திருந்த பெண்கள் தலையில் வைத்திருந்த மல்லிகையின் வாசமும் ஒன்றாகக் கலந்து வரும். இன்றைக்கும் யாராவது எனக்கு ஊசி போட்டால் மல்லிகை மணக்கிறது. மருத்துவரிடம் சொன்னால் தலையைப் பரிசோதிக்கச் சொல்வார்.

உண்மைப் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். பதினான்கு பேர் வந்தால் ஆறு பேர் லட்சுமி. எனக்குக் கணக்கு உதைக்கும். அதற்காகவே எங்கள் டாக்டரம்மா எண் பொறித்த பித்தளை வில்லைகள் கொடுத்தார். நான் ஒருத்தியிடம் ஒரு முறைக்கு இரு முறை எண் கேட்டால் பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். அவர்களுக்கு என் பெயரே 'கணக்கு'தான்.

"ஏனுங்க கணக்கு, நாங்க ஒருத்தி கொறஞ்சா உங்களுக்குச் சம்பளத்துல புடிச்சுக்குவாங்களா?"

பதினேழாம் எண்காரியும் ஒரு லட்சுமிதான். முப்பத்தைந்து வயதிருக்கும். அவளுக்கு வாரம் ஒன்றாக மூன்று பென்சிலின் ஊசிகள் போட வேண்டியிருந்தது. அந்த ஊசி சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், படிவத்தில் உறவினர் முகவரி வேண்டும். அவள் தயங்கினாள். நான் விடவில்லை.

"எழுதிக்குங்க. ஆனா யாருக்கும் காட்டிப்போடாதீங்க. என்ற புள்ள அங்க அண்ணன் ஊட்டுல இருந்து பத்தாவது படிக்குது. நான் மில்லுக்குப் போறேன்னு அவங்க நம்பிட்டிருக்காங்க."

அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமம். பெயரும் ஊரும் எழுதினேன். இங்கே எழுதப்போவதில்லை. அந்தத் தவறை ஒருமுறை செய்தாயிற்று. எழுதியபின் அவளுக்கு என் அட்டவணையைக் காட்டினேன். ஒவ்வொரு எண்ணுக்கு எதிரேயும் மூன்று கட்டங்கள். ஊசி போட்டதும் சிவப்பு மையால் நிரப்புவேன். "மூணும் நெறையணும் அம்மணி" என்றேன், பெருமையாக.

இரண்டு நிரம்பின. அந்த வாரக் கடைசியில் ஒரு கல்லூரி அரங்கில் கூட்டம் நடந்தது. தொழிலைச் சட்டபூர்வமாக்கலாமா கூடாதா என்று விவாதம். ஒரு வழக்கறிஞர், பெண்ணை விற்பதற்கு அரசாங்கமே ரசீது போடுவதா என்று கொதித்தார். டாக்டரம்மா என்னையும் பேசச் சொல்லியிருந்தார். உரிமம் வேண்டும், அட்டை வேண்டும், வாராவாரம் பரிசோதனை வேண்டும், எண்ணிக்கை தெரிந்தால்தானே உதவ முடியும் என்று பதினோரு நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். அப்போது பின்வரிசையில் பதினேழாம் எண்காரி எழுந்தாள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து வந்திருந்தார்கள்.

"அந்தக் கார்டுல யாரு பேருங்க போடுவீங்க?"

"உங்க பேருதான்."

"நாளைக்கு நான் இந்த வேலையை உட்டுப்போட்டேன்னா, கார்டைத் திருப்பி வாங்கிக்குவீங்க. எழுதுன நோட்டுல இருந்து என்ற பேரை எப்பிடிங்க எடுப்பீங்க?"

எல்லாம் ரகசியமாகவே இருக்கும் என்றேன்.

"எங்களுக்குக் கார்டு வேண்டாங்க. போலீசு ராவும் பகலும் புடிச்சுட்டுப் போயி காசு புடுங்கறதை நிறுத்தச் சொல்லுங்க. அது போதும்" என்று உட்கார்ந்தாள். பெயரை எழுதாதே என்பது ஒன்று, பிடித்துப் போகாதே என்பது மற்றொன்று என இதில் இரண்டு தனித்தனிக் கோரிக்கைகள் இருந்தன என்பது எனக்கு அன்று புரியவில்லை.

அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. மாத அறிக்கை அனுப்ப மூன்று நாள் இருந்தது. நாற்பத்தொரு வரிசைகள் சிவப்பாக இருக்க, ஒரே ஒரு கட்டம் வெள்ளையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்பது உண்மை. அந்தக் கட்டம் தூங்கவிடவில்லை என்பதும் உண்மை. எது எத்தனை பங்கு என்று என்னாலேயே இதுவரை பிரிக்க முடியவில்லை.

வீட்டுக்கு எழுதவே கூடாது, எழுதியே ஆகவேண்டுமென்றால் தன்னைக் கேட்டுக்கொண்டு மூடிய உறையில்தான் எழுத வேண்டும் என்பது டாக்டரம்மாவின் விதி. அவர் வெளியூர் போயிருந்தார். உறை தீர்ந்திருந்தது. தபால் நிலையத்தில் ஓர் அஞ்சலட்டை வாங்கி, அவள் பெயருக்கு அண்ணன் வீட்டு முகவரியிட்டேன். 'மூன்றாவது ஊசிக்குத் தவறாமல் வரவும்' என்று என் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதி, அலுவலகத்துக்கு வந்து, பழக்கதோஷத்தில் கீழே முத்திரையும் குத்தினேன். மருந்தகத்தின் பெயரோடு பிரிவின் பெயரும் இருந்த முத்திரை.

ஆறாம் நாள், அடுத்த செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு என் சன்னலில் வந்து நின்றாள். பூ வைத்திருக்கவில்லை.

"தபால்காரர் டீக்கடையிலயே படிச்சுப்போட்டாருங்க. அண்ணன் அங்கதான் உக்காந்திருந்தாராம்."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"புள்ளையப் பள்ளிக்கூடத்தை உட்டு நிறுத்திப்போட்டாங்க. பரிச்சைக்கு இன்னும் இருபத்தாறு நாளுதான் இருக்குது. வெசயம் பரவறதுக்குள்ள கட்டிக் குடுக்கோணுமாம். மாப்பிள்ளை பார்த்தாச்சுங்க. என்னைய வாசப்படி ஏறக்கூடாதுன்னுட்டாங்க."

"நான் வந்து உங்க அண்ணன்கிட்டப் பேசட்டுமா அம்மணி? வேற யாருக்கோ எழுதினதுன்னு சொல்றேன்."

"கோயமுத்தூர்ல இருந்து ஒரு ஆம்பள என்னையத் தேடி வந்தா, மிச்சமிருக்கறதும் போயிருமுங்க."

பிறகு என் மேசையிலிருந்த அட்டவணையைப் பார்த்தாள். "அந்த ஊசியப் போட்டு உடச் சொல்லுங்க. உங்க கட்டமாவது நெறையட்டும்."

போட்டுக்கொண்டாள். பித்தளை வில்லையைச் சன்னலில் வைத்துவிட்டுப் போனாள். நான் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "சட்டத்தை யார் வேணும்னாலும் போடட்டும். கடைசியில பதிவேடு எழுத உட்காருறது உங்களை மாதிரி ஒரு நல்ல மனுசன்தானே. அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

இப்போது அந்த மருந்தகம் இல்லை. அங்கே மூன்று மாடிக்குக் கைபேசிக் கடை. பக்கத்து லாட்ஜுகள் இரண்டும் போயின. செவ்வாய்க்கிழமை பெஞ்சும், அதில் இருந்த ஆறு லட்சுமிகளும், "ஏனுங்க கணக்கு" என்ற கேலியும் போயின. அந்தப் பெண்பிள்ளைக்கு இப்போது நாற்பத்து மூன்று வயதாகியிருக்கும். அவள் அம்மாவை நான் அப்புறம் பார்க்கவில்லை. செய்தித்தாளில் இரு தரப்பையும் இரண்டு முறை படித்துவிட்டேன். யார் சரி என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

அந்த அஞ்சலட்டையை அலுவலகக் கணக்கில் நான் எழுதவில்லை. என் சட்டைப்பையிலிருந்து கொடுத்தேன். எனக்கு ஆன செலவு அவ்வளவுதான். பதினைந்து காசு.